ஸ்கார்லாட்டியின் வழித்தோன்றல்கள்

இசையுலகில் 1685ஆம் ஆண்டு பெருமை வாய்ந்த ஆண்டு. ஜெர்மானிய நாட்டில் பாக், ஹாண்டல் என்னும் இருபெரும் மேதைகள் அவ்வாண்டிலேதான் பிறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இத்தாலியின் தென்பகுதியிலே நேப்பிள்ஸ் நகரில் மூன்றாமவர் ஒருவர் பிறந்தார். அவர் பெயர் தொமேனிக்கோ ஸ்கார்லாட்டி. முன்னவர் இருவரும் மணிக்கணக்கில் நீளும் பெரும் இசைநூல்களை இயற்றிப் புகழ் எய்தினர். ஸ்கார்லாட்டியின் புகழோ, பெரும்பாலும் ஐந்தாறு நிமிஷங்களுக்குள் முடிந்துவிடும் 555 சிறு உருப்படிகளின் மேல் நிற்கிறது. நம் கச்சேரி மேடையில் வித்துவான் ஆலாபனையைத் தொடங்கி ராகத்தை நிலைநிறுத்துவதற்குள், அவற்றில் ஒன்று முடிந்துவிடும்.

இவ்வளவு சிறிய வடிவத்தில் அவர் அடக்கிவைத்தது யாது? அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும், பியானோவுக்கு எழுதும் இசைப்புலவர்கள் அவரை நினைந்து சிற்றுருப்படிகளை இயற்றுவானேன்? இவ்விரு வினாக்களையும் இன்று நாம் எண்ணிப் பார்ப்போம். பிறந்த ஊரைவிட்டு மொழி வேறான ஊர்களில் வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதாகத் தோன்றாது. ஏனெனில், ஸ்கார்லாட்டியின் இசை முதிர்ந்து கனிந்ததெல்லாம் அயலூரிலேதான்.

தொமேனிக்கோவின் தந்தை அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கார்லாட்டி, அக்காலத்து இத்தாலியில் இசைநாடகங்களை இயற்றிப் பேர் பெற்றவர். பத்து மக்களுள் ஆறாமவர் தொமேனிக்கோ. பதினாறு வயது நிரம்புமுன்பே, 1701இல், நேப்பிள்ஸ் அரசவைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்போராகவும் இசையமைப்போராகவும் அமர்ந்தார். மகனுடைய ஆற்றலைத் தந்தை நன்கு அறிந்திருந்தார். 1705இல் அவரை வெளியூருக்கு அனுப்பியபோது, சிறகு முளைத்துவிட்ட கழுகைக் கூட்டிலே அடைத்து வைத்தல் தகாது என்னும் கருத்துப்பட மெதிசி இளவரசருக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் சிறகு முளைத்த பின்னரும் தந்தையின் நிழல் மகன்மேல் நெடுங்காலம் படிந்திருந்தது. வெனிஸிலும் பிறகு ரோமாபுரியிலும் அவர் இயற்றிய இசைநாடகங்களும் வழிபாட்டுப் பாடல்களும் தந்தையின் வழியைத் தழுவியே அமைந்தன. 1717இல், முப்பத்தோராம் வயதில், தந்தையின் ஆளுகையிலிருந்து விடுபட்டவர் என்று சட்டமுறையில் ஒரு பத்திரமே எழுதப்பட்டது என்றால், அந்நிழலின் நீளத்தை நாம் ஒருவாறு ஊகிக்கலாம்.

ரோமாபுரியில் வாழ்ந்த காலத்தே அவர் ஹாண்டலைச் சந்தித்தார். கார்டினல் ஒட்டோபோனி என்பாரின் மாளிகையில் இருவருக்கும் வாசிப்புப் போட்டி நடந்ததாக ஒரு கதை உண்டு. ஆர்கனில் வென்றவர் ஹாண்டல். ஹார்ப்ஸிகார்டில் ஸ்கார்லாட்டி மேம்பட்டார் என்றும், இருவரும் சமமே என்றும் இருவகையாகச் சொல்வர். 1714இல் ஸ்கார்லாட்டி புனித பேதுரு பேராலயத்தின் இசைத்தலைவரானார். ஓர் இத்தாலிய இசைவாணர் விரும்பத்தக்க பதவிகளுள் அஃது உயர்ந்தது. 1719இல் அவர் அதனைத் துறந்து போர்ச்சுகல் நாட்டுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

லிஸ்பன் நகரில் ஐந்தாம் ஜோவான் மன்னரின் அரசவையில் அவருக்கு இசைப்பணி கிடைத்தது. மன்னரின் மகள் மரியா பார்பரா என்னும் சிறுமிக்கு ஹார்ப்ஸிகார்ட் கற்பிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. இப்பெண்மணி 1711இல் பிறந்தவர். இசையில் இயற்கையான பேரறிவு வாய்த்தவர். 1729இல் அவர் ஸ்பானிய இளவரசர் ஃபெர்தினாந்தை மணந்து ஸ்பெயின் சென்றபோது, ஆசிரியரும் மாணவியைத் தொடர்ந்து சென்றார். முதல் நான்காண்டுகள் அரசவை தெற்கே செவில் நகரில் தங்கியது. 1733இல் மாட்ரிட் பக்கம் திரும்பியது. அதன்பின் ஸ்கார்லாட்டி 1757 ஜூலை 23ஆம் நாள் மாட்ரிடில் உயிர் நீக்கும்வரை ஸ்பெயினிலேயே வாழ்ந்தார். ஸ்பானியர் நாவில் அவர் பெயர் தொமிங்கோ எஸ்கார்லாட்டி என்று திரிந்தது. தம் பெயர் பிறர் நாவில் உருமாறக் கேட்டுப் பழகிய நேயர்கள் இச்செய்தியைப் புன்னகையுடன் ஏற்பர் என நம்புகிறோம்.

அயல்நாடு அவருக்குப் பெயரை மட்டும் மாற்றித் தரவில்லை. காதையும் மாற்றித் தந்தது. ஸ்பெயினின் தென்பகுதியாகிய ஆண்டலூசியாவில் கிதார் என்னும் நரம்புக்கருவி தெருவெங்கும் ஒலிக்கும். ஆடுவோர் கைகளில் காஸ்டனெட் என்னும் மரச்சிப்பிகள் தாளம் கொட்டும். வண்டியோட்டிகளும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் பாடிச்செல்லும் மெட்டுகளை ஸ்கார்லாட்டி தம் உருப்படிகளில் எடுத்தாண்டார் என்று, ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி கேட்டறிந்து எழுதினார். இலக்கணத்துக்கு மாறான இடங்கள் தம் இசையில் உண்டு என்பதை ஸ்கார்லாட்டியே அறிந்திருந்தாராம். அவ்விடங்கள் செவிக்கு இன்னாதனவாக இருக்கின்றனவா என்பதே அவர் திருப்பிக் கேட்ட கேள்வியாம். பேராலயத்தில் இசைத்தலைவராயிருந்தவர், அரண்மனைக்குள்ளே அமர்ந்து, வீதியின் ஒலியைச் சாளரத்தின் வழியே உள்ளே வரவழைத்தார் எனலாம்.

இனி, அவர் கையாண்ட கருவியையும் வடிவத்தையும் சிறிது நோக்குவோம். ஹார்ப்ஸிகார்ட் காண்பதற்குப் பியானோவைப் போன்றதே. ஆயின் பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தி தந்தியை அடிக்கும். ஹார்ப்ஸிகார்டிலோ, பறவையிறகின் தண்டினால் ஆகிய சிறு முள் தந்தியை மீட்டும். ஆகவே அதன் நாதம் நம் வீணையைப் போல மீட்டொலியால் எழுவது. விரலை மெல்ல வைத்தாலும் வலிந்து வைத்தாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. இக்குறையை ஸ்கார்லாட்டி வேறு வழிகளால் ஈடுசெய்தார். ஒலி பெருக வேண்டிய இடத்தில் சுரங்களை நெருக்கி அடுக்கினார். ஒன்றோடொன்று ஒவ்வாத சுரங்களையும் ஒரே பிடியில் சேர்த்து, கிதாரின் எல்லா நரம்புகளையும் ஒருங்கே வாரியடித்தாற்போன்ற முழக்கத்தை உண்டாக்கினார். 175ஆம் எண் கொண்ட சொனாட்டா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 141ஆம் எண்ணுள்ளதில் ஒரே சுரம் விரல் மாற்றி விரல் மாற்றி விரைந்து அதிரக் கேட்கலாம். வேறு சிலவற்றில் இடக்கை வலக்கையைத் தாண்டியும் வலக்கை இடக்கையைத் தாண்டியும் ஓடும். காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் அது விருந்து.

சொனாட்டா என்று அவர் பெயரிட்டவை பெரும்பாலும் இரண்டு பாதிகளால் ஆனவை. ஒவ்வொரு பாதியும் இருமுறை வாசிக்கப்படும். நம் சங்கீதத்தில் ஆதார சட்ஜம் அசையாதது. தம்புரா தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும். மேனாட்டு இசையிலோ அவ்வாதாரமே இடம்பெயரும். ஸ்கார்லாட்டியின் உருப்படி தன் சொந்தச் சுருதியில் தொடங்கும்; முதற்பாதி முடியுமுன் அயற்சுருதி ஒன்றில் சென்று தங்கும். இரண்டாம் பாதி அங்கிருந்து புறப்பட்டு, எதிர்பாராத தொலைவிடங்களிலெல்லாம் அலைந்து, கடைசியில் தொடங்கிய சுருதிக்கே மீளும். முதற்பாதியின் முடிவில் அயற்சுருதியிற் கேட்ட அதே சொற்கட்டை இப்போது சொந்தச் சுருதியிற் கேட்போம். சுரக்கோவை ஒன்றே, நின்ற இடம் வேறு. இந்த ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு, ஒன்றைப்போல் மற்றொன்று இராதவாறு ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றைப் புனைந்ததே அவருடைய சாதனை.

தம் வாழ்நாளில் அவர் தாமே முன்னின்று அச்சிட்டு வெளியிட்டது 30 சொனாட்டாக்கள் அடங்கிய ஒரு தொகுதிதான். 1738 என்று ஆண்டு குறிக்கப்பட்ட அத்தொகுதி லண்டனில் வெளிவந்தது. தமக்கு வீரப்பட்டம் அளித்த போர்ச்சுகல் மன்னருக்கு அதனை உரிமையாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'எஸ்ஸெர்சீட்ஸி', அதாவது பயிற்சிகள். நம் இசையில் வர்ணம் என்பது மாணவனுக்குச் சாதகத்துக்கும் வித்துவானுக்கு மேடைக்கும் ஒருங்கே உதவுவதன்றோ? அதனோடு ஒருவாறு ஒப்பிடத்தக்க பெயர் இது. அத்தொகுதியின் முன்னுரையில், ஆழ்ந்த புலமையைத் தேடவேண்டா, கலையின் நயமான விளையாட்டையே காண்க என்ற கருத்தில் அவர் படிப்போரை வேண்டிக்கொண்டார். இந்த 'விளையாட்டு' என்னும் கருத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

எஞ்சிய ஐந்நூறுக்கு மேற்பட்டவை நமக்குக் கிடைத்த வரலாறு வியப்புக்குரியது. அவர் தம் கைப்பட எழுதிய சொனாட்டா ஏடு ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. மரியா பார்பரா 1746இல் ஸ்பெயினின் அரசியானார். அவருக்காக, குறிப்பாக 1752 முதல் 1757 வரையுள்ள ஆண்டுகளில், எழுத்தர்கள் இச்சொனாட்டாக்களை அழகிய கையெழுத்தில் படியெடுத்தனர். ஒரு வரிசை பதினைந்து தொகுதிகளாய் இன்று வெனிஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. அதில் 496 சொனாட்டாக்கள் உள்ளன. மற்றொரு வரிசை, அதுவும் பதினைந்து தொகுதிகள், பார்மா நகரில் இருக்கிறது. அதில் 463 உள்ளன. ஸ்கார்லாட்டிக்குச் சூதாட்டத்தில் பற்று மிகுதி என்றும், அவர் பட்ட கடன்களை அரசி பன்முறை தீர்த்தார் என்றும் பாடகர் ஃபாரினெல்லி பின்னாளில் பர்னியிடம் சொன்னார். அந்நன்றிக்கு ஈடாகவே இவ்வேடுகள் எழுந்தன என்று ஊகிப்பாரும் உளர். அது யாதாயினும், மாணவி ஒருவர் பேணியிராவிடின் ஆசிரியரின் வாழ்நாட் படைப்பு காற்றிற் கலந்து மறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அரசி 1758இல் மறைந்தபோது தம் இசையேடுகளை ஃபாரினெல்லிக்கு விட்டுச் சென்றார். இவரும் இத்தாலியிற் பிறந்து ஸ்பெயின் சென்று அரசவையில் புகழுடன் வாழ்ந்தவரே. அரசு மாறிய பின் அவர் அங்கிருந்து நீங்கி இத்தாலியில் போலோன்யா நகருக்குத் திரும்பினார். ஏடுகளும் உடன் சென்றன. இவ்வாறு, நேப்பிள்ஸை விட்டுப்போன மனிதர் அங்கு வாழத் திரும்பவில்லை. அவர் அயலூரில் ஈட்டிய செல்வம் தாய்நாடு திரும்பியது.

ஸ்கார்லாட்டிக்கு இரு மனைவியர். முதல் மனைவியை ரோமாபுரியில் 1728இல் மணந்தார். அவர் 1739இல் காலமான பின்னர்க் காதிஸ் நகரைச் சேர்ந்த ஸ்பானியப் பெண்மணியை மணந்தார். இருவர்க்குமாக ஒன்பது மக்கள். அவர்களுள் ஒருவரும் இசையைத் தொழிலாகக் கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்பானியராகவே வளர்ந்து ஸ்பானியச் சமூகத்திற் கலந்தனர். குடும்பத்தில் இசைத்தொடர் அற்றது. ஆகவே அவருடைய வழித்தோன்றல்களை நாம் வேறிடத்தில் தேடவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்ப்ஸிகார்ட் வழக்கொழிந்தது. பியானோ வீடுதோறும் புகுந்தது. 1839இல் வியன்னாவில் செர்னி 200 சொனாட்டாக்களைப் பதிப்பித்தார். 1906 முதல் அலெஸ்ஸாந்த்ரோ லோங்கோ என்னும் நேப்பிள்ஸ்காரர் ஏறத்தாழ எல்லாவற்றையும் பல தொகுதிகளாக வெளியிட்டார். அவர் உழைப்புக்கு இசையுலகம் கடன்பட்டது. ஆயினும் ஒரு குறையும் நேர்ந்தது. கிதாரின் முழக்கத்தைப் போன்ற அந்த ஒவ்வாச் சுரக்கூட்டங்களிற் சிலவற்றை லோங்கோ எழுத்துப் பிழை என்று கருதித் திருத்திவிட்டார். பல சொனாட்டாக்களைத் தம் மனம்போல் கோத்து வரிசைகளாகவும் ஆக்கினார். அயலூரின் ஒலி, சொந்த ஊர்ப் புலவரின் கையில் பிழையாகப் பட்டது! இரண்டு ஊர்களுக்கு உரியவராய் வாழ்வோர் இதன் பொருளை விளக்கமின்றியே உணர்வர்.

இப்பிழையைப் போக்கியவருள் முதன்மையானவர் அமெரிக்க ஹார்ப்ஸிகார்ட் கலைஞர் ரால்ஃப் கிர்க்பாட்ரிக். பல ஆண்டுகள் ஐரோப்பாவெங்கும் ஏடு தேடி அலைந்து, 1953இல் ஸ்கார்லாட்டியின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். மாட்ரிட் நகரத் தொலைபேசி விவரப் புத்தகத்தைப் புரட்டி, அதில் ஸ்கார்லாட்டி என்ற பெயரைக் கண்டு, குடும்பத்தாரைத் தேடிப்பிடித்த செய்தி சுவையானது. சொனாட்டாக்களுக்கு அவர் இட்ட 555 வரையுள்ள வரிசை எண்களையே இன்றும் உலகம் வழங்குகிறது. நாம் மேலே சொன்ன எண்களும் அவையே. 1985இல் ஸ்கார்லாட்டியின் முந்நூறாம் ஆண்டு வந்தபோது, அமெரிக்காவிற் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த ஸ்காட் ராஸ் என்னும் கலைஞர் 555ஐயும் ஒருவராகவே வாசித்துப் பதிவு செய்தார். அப்பெருமுயற்சி பிரெஞ்சு வானொலிக்காக மேற்கொள்ளப்பட்டது என்பதை வானொலி நேயர்களுக்குச் சொல்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஏடு கிடைத்து, எண்ணும் இட்டு, ஒலிப்பதிவும் ஆனபின் பழம்பொருளாக அதனைக் காட்சிச்சாலையில் வைத்துவிடலாம். அவ்வாறு ஆகாமற் காத்தவர்கள் புதிதாக எழுதும் இசைப்புலவர்களே. ஸ்பெயினின் மனுவேல் தெ ஃபாயா, 1926இல் நிறைவுற்ற தம் ஹார்ப்ஸிகார்ட் கான்செர்ட்டோவில் ஸ்கார்லாட்டியின் நெறியை மீட்டுக் கொணர்ந்தார். ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் ஸ்கார்லாட்டியைப் பதிப்பித்தும் மேடையில் வாசித்தும் வந்தார். நாட்டுப்புறப் பாடலை ஊர் ஊராய்ச் சென்று திரட்டிய அவருக்கு, வண்டியோட்டியின் மெட்டை அரண்மனைக்கு ஏற்றிய ஸ்கார்லாட்டி உவந்தவராயிருந்ததில் வியப்பில்லை. பார்ட்டோக் 1926க்கும் 1939க்கும் இடையே எழுதிய 'மிக்ரோகாஸ்மாஸ்' 153 சிறு பியானோ உருப்படிகளைக் கொண்டது. அதுவும் மாணவர்க்கு உரிய பாடமாகவே தொடங்கியது.

இங்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியைக் குறிப்பிடல் வேண்டும். அமெரிக்க இசைப்புலவர் ஜான் கேஜ் 1946 முதல் 1948 வரை 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்னும் தொகுதியை எழுதினார். அதில் 16 சொனாட்டாக்கள், 4 இடையிசைகள். பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணி, ரப்பர்த்துண்டு முதலியவற்றைச் செருகி, அதன் நாதத்தையே மணிகளும் முழவுகளும் போல் மாற்றினார். ஒலி முற்றிலும் புதிது. ஆனால் சொனாட்டாக்களில் பெரும்பாலானவற்றின் வடிவம் ஸ்கார்லாட்டி கையாண்ட அதே இருபாதி வடிவம். ஒவ்வொரு பாதியும் இருமுறை. அவ்வடிவத்திற்குள் அவர் உணர்த்த முயன்றதோ நம் நாட்டு நவரசங்களை. ரசக் கொள்கையை அவர் கற்றது ஆனந்த குமாரசுவாமியின் நூல்களிலிருந்து. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்க் கொழும்பில் 1877இல் பிறந்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வாழ்ந்து 1947இல் மறைந்த பேரறிஞர் அவர். அதே காலத்தில் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் சென்று கேஜிடம் மேனாட்டிசை பயின்றார். கைம்மாறாக இந்திய இசையை அவருக்குக் கற்பித்தார். மனத்தை அமைதியுறச் செய்து தெய்வ அருள் புகுவதற்கு ஏற்றதாக்குவதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் கூறியதை அவர் சொல்ல, கேஜ் அதனை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஸ்கார்லாட்டியின் சிறு வடிவம் இத்தாலியன் கையில் ஸ்பெயினின் தெருவை ஏற்றது. அமெரிக்கன் கையில் பாரதத்தின் ரசத்தை ஏற்றது. கொள்கலம் சிறிது, கொள்ளும் பொருளுக்கு எல்லையில்லை.

நம் காலத்தில் இம்மரபை மிக நுண்ணியதாக வளர்த்தவர் ஜியோர்ஜி குர்தாக். 1926இல் ருமேனியாவில் லுகோஜ் நகரில் ஹங்கேரி மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பார்ட்டோக்கிடம் பயிலலாம் என்ற ஆசையுடன் எல்லையைக் கடந்து புடாபெஸ்ட் சேர எண்ணினார். பார்ட்டோக்கோ 1945 செப்டம்பரில் நியூயார்க்கில் காலமாகிவிட்டார். குர்தாக் புடாபெஸ்டிலே பயின்றார். 1957இல் பாரிஸ் சென்றார். அங்கே அவர் எழுத்து அடியோடு தடைப்பட்டது. பெரிய திட்டங்களுள் எதுவும் கைகூடவில்லை. மனநூல் வல்லார் மரியான் ஸ்டைன் என்னும் அம்மையார், பெரியதை விட்டு இரண்டே சுரங்களை எவ்வாறு இணைப்பது என்பதிலிருந்து தொடங்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அந்த இரண்டு சுரங்களிலிருந்து அவருடைய புதுவாழ்வு பிறந்தது. 1959இல் தாம் முடித்த நால்வர் தந்தியிசைக்கு அவர் மீண்டும் ஒன்று என எண்ணிட்டார்.

1973இல், சிறுவர்க்குப் பியானோ கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவர் சிற்றுருப்படிகளை எழுதத் தொடங்கினார். 1979இல் நான்கு தொகுதிகள் வெளிவந்தன. பிற்காலத்தில் மேலும் பல தொடர்ந்தன. அவற்றின் பெயர் 'யாத்தேகோக்'. அம்மொழியில் விளையாட்டுகள் என்பது பொருள். ஸ்கார்லாட்டி தம் முன்னுரையில் சொன்னதும் விளையாட்டே அன்றோ? குழந்தைக்குப் பியானோ முதலில் ஒரு விளையாட்டுப் பொருள். சுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அஞ்சி அஞ்சித் தொடுவதற்கு முன், கட்டைகளின் மேல் கையை வீசித் துணிந்து திரியும் இன்பத்தை அது பெறவேண்டும் என்பது குர்தாக்கின் கொள்கை. ஆகவே விரலேயன்றி உள்ளங்கை, முட்டி, முன்கை யாவும் இவற்றில் வாசிப்பில் ஈடுபடும். சில உருப்படிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். சில, ஒரு மூச்சு விட்டு இழுப்பதற்குள் முடியும்.

இத்தொகுதிகளில் பல உருப்படிகள் 'வணக்கம்' என்ற பொருளுடைய தலைப்புத் தாங்கி வருகின்றன. முன்னோர்க்கும் நண்பர்க்கும் மறைந்தோர்க்கும் செலுத்திய காணிக்கைகள் அவை. அவ்வரிசையில் தொமேனிக்கோ ஸ்கார்லாட்டிக்கும் ஒரு வணக்கம் உண்டு. பிற்காலத் தொகுதிகளுக்கு நாட்குறிப்புகள், அந்தரங்கச் செய்திகள் என்னும் துணைப்பெயர் வந்தது. பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கற் சொல்லும் சிறு சுரக்கோவைகளாக அமைந்தன. குர்தாக்கும் 1947இல் அவர் மணந்த மார்த்தா அம்மையாரும் ஒரே பியானோவின் முன் இணைந்தமர்ந்து, இவ்வுருப்படிகளையும் பாக்கின் இசையையும் மாறி மாறி வாசிப்பது வழக்கம். சுவரோடு ஒட்டி நிற்கும் சிறு பியானோவில், ஒலி அடக்கும் மிதியை அழுத்தி, வீட்டில் தமக்குத் தாமே வாசிப்பதுபோல் பேரவைகளில் வாசித்தனர். 2019இல் அம்மையார் மறையும்வரை எழுபதாண்டுகளுக்கு மேல் அவ்வாழ்க்கை நீடித்தது.

மற்றொரு வகைக் காணிக்கை கனடா நாட்டின் மார்க்-ஆந்த்ரே ஹாம்லாங் அளித்தது. 1961இல் மோன்றியாலில் பிறந்த இவர், இயலாதவற்றையும் எளிதில் வாசிக்கும் விரலாற்றலுக்குப் பேர் பெற்றவர். 1986 முதல் 2009 வரை அவர் எழுதிய பன்னிரண்டு பயிற்சி இசைகளுள் ஆறாவது, 1992இல் எழுதப்பட்டது, ஸ்கார்லாட்டிக்கு உரிமையாக்கப்பட்டது. அதன் தலைப்பே 1738ஆம் ஆண்டுத் தொகுதியின் பெயரை நினைவூட்டுவது: 'எஸ்ஸெர்சீட்ஸியோ', பயிற்சி. சில நிமிஷங்களுக்குள் முடியும் அதில், கை தாண்டல், நெடுந்தாவல், ஒவ்வாச் சுரக்கூட்டம் ஆகிய ஸ்கார்லாட்டியின் குறும்புகளெல்லாம் பன்மடங்கு பெருகி வருகின்றன. கேட்போர் நகைப்பர், ஆனால் அந்நகையில் எள்ளல் இல்லை. நெருங்கிய உறவினரின் நடையைக் குடும்பத்தார் நடித்துக்காட்டுவது போன்ற அன்பு அது.

பழையவரைப் பார்த்து எழுதுவது புதுமைக்கு இழுக்கன்றோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. பழைய நடையை அப்படியே நகலெடுத்துப் பழையதுபோற் காட்டுதல் எளிது. அதனாற் பயன் சிறிது. கேஜ் ஸ்கார்லாட்டியின் வடிவத்தை ஒத்ததைக் கொண்டார், நாதத்தைக் கொள்ளவில்லை. குர்தாக் விளையாட்டு மனப்பான்மையைப் பகிர்ந்துகொண்டார். சுரங்களைக் கடன் வாங்கவில்லை. ஹாம்லாங் குறும்பை எடுத்துக்கொண்டு தம் காலத்து விரலாற்றலோடு கூட்டினார். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்து, எஞ்சியதை மரியாதையுடன் விட்டுவிட்டனர். ஸ்கார்லாட்டியும் அவ்வாறே செய்தவர்தாம். தந்தையிடம் கற்ற இத்தாலியக் கல்வியை அவர் துறக்கவில்லை. ஸ்பானியர்போல் நடிக்கவும் முயலவில்லை. கற்ற கல்வியின் துணையால் கேட்ட ஒலிக்கு வடிவம் தந்தார். அதனால்தான் அவ்விசை இரு நாட்டுக்கும் உரியதாயிற்று.

சிறு வடிவத்தின் பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. பெரிய இசைநாடகத்துக்கு அரங்கு வேண்டும், பாடகர் வேண்டும், அரசனின் பொருள் வேண்டும். ஐந்து நிமிஷச் சொனாட்டாவுக்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவி, ஒரு கருவி போதும். இடம்பெயர்ந்து வாழ்வோர் தம்முடன் எடுத்துச்செல்லக் கூடியது சிறியதே. பேராலயப் பதவி ரோமாபுரியிலேயே தங்கிவிட்டது. தந்தை வழியில் எழுதிய இசைநாடகங்களிற் பல அழிந்துபட்டன. லிஸ்பனிலும் செவிலிலும் மாட்ரிடிலும் நாள்தோறும் நடந்த பாடமே நிலைத்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மாலை வேளையில் ஒரு வர்ணத்தைத் திரும்பத் திரும்பச் சாதகம் செய்யும்போது, அண்டை வீட்டு மொழியும் தெருவில் போகும் பாட்டும் அவர்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக நாம் சாளரத்தை அடைக்க வேண்டுவதில்லை.

வாய்ப்பு நேரும்போது நேயர்கள் முதலில் ஸ்கார்லாட்டியின் 141ஆம் சொனாட்டாவைக் கேட்கலாம். உடனே தொடர்ந்து ஹாம்லாங்கின் காணிக்கையைக் கேட்கலாம். பின்பு குர்தாக் தம்பதியர் வாசித்த விளையாட்டுகளுள் ஒன்றிரண்டைக் கேட்கலாம். மூன்றுக்குமாகப் பத்து நிமிஷம் போதும். மாட்ரிட் தொலைபேசிப் புத்தகத்தில் அகப்படாத அவ்வழித்தோன்றல்களை அப்போது நாம் நேரிலேயே இனம் கண்டுகொள்வோம்.